பாக்ஸ் ஸ்கோரைப் பாயின்டிலிருந்து படிக்காதீர்கள்: கூடைப்பந்துக் கணக்கு, புதியவர்களுக்கு

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் பாம்பன் பக்கம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் பிளே ஆஃப் ஆட்டங்கள் நடப்பதும் ஏறக்குறைய இதே இரண்டு மாதம்தான். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை, ஐந்தரை, ஆறு மணி. படகு கரையில் கிடந்தாலும் விடியுமுன் விழித்துக்கொள்ளும் பழக்கம் போகாத என் சித்தப்பா, போன தடைக்காலத்தில் நான் வாசலில் உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்ப்பதை ஒரு வாரம் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இழுத்தது ஆட்டம் இல்லை, முடிந்தபிறகு வரும் எண் அட்டவணை. “என்னடா தம்பி இது, ஏலக்காரர் நோட்டு மாதிரி இருக்கு?” என்றார்.

அந்த நோட்டுக்குப் பெயர் பாக்ஸ் ஸ்கோர். ஒரு வீரருக்கு ஒரு வரி, கடைசியில் அணிக்கு ஒரு மொத்த வரி, அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: நேராகப் பாயின்ட் பத்திக்குப் போய், அதிகம் எடுத்தவன் யார் என்று பார்த்து, அவன்தான் நன்றாக ஆடினான் என்று முடிவு கட்டிவிடுவது. நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் பார்த்தேன். சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன், அவருக்குப் புரிந்தது என்றால் யாருக்கும் புரியும் என்று சொல்ல வரவில்லை, உண்மையில் அவர் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒரு பழைய ஆட்டத்தை எடுங்கள்

நேரடி ஆட்டத்தில் எண்கள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும், அதில் படிக்கப் பழக முடியாது. முடிந்துபோன ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லோருக்கும் காட்டுவது 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜூன் 19, ஓக்லாண்டில் நடந்தது, நமக்குத் திங்கட்கிழமை காலை ஐந்தரை. கிளீவ்லாண்ட் கேவலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்த அணி கடைசியில் கோப்பையைத் தூக்கியது என்.பி.ஏ. வரலாற்றில் அதுதான் முதல் தடவை. இதன் பாக்ஸ் ஸ்கோர் என்.பி.ஏ. தளத்திலும் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் இருந்தால் நல்லது.

அட்டவணையின் இடது ஓரத்தில் பெயர், அடுத்தது நிமிடம். என்.பி.ஏ. ஆட்டம் 12 நிமிடம் வீதம் நான்கு பகுதி, ஆக 48. எப்போதும் களத்தில் ஐந்து பேர், எனவே ஒரு அணியின் நிமிடங்களைக் கூட்டினால் 240 வர வேண்டும். உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபா விதியில் பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, கூட்டினால் 200. கூடுதல் நேரம் ஆடினால் இந்தக் கணக்கு ஏறும். பெயருக்கு எதிரே எண்ணே இல்லாமல் டி.என்.பி. என்று இருந்தால் அந்த வீரர் அன்று களத்தில் இறங்கவில்லை.

எறிந்தது எத்தனை, விழுந்தது எத்தனை

பாயின்ட் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இந்த மூன்றைப் பாருங்கள்: எஃப்.ஜி., 3.பி., எஃப்.டி. மூன்றிலும் இரண்டிரண்டு எண்கள் ஒரு கோட்டால் பிரிந்து நிற்கும். முதல் எண் விழுந்தது, இரண்டாவது எண் எறிந்தது. எஃப்.ஜி. என்பது ஆட்டத்துக்குள் எறிந்த எல்லா ஷாட்டும். 3.பி. அதில் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவை. எஃப்.டி. என்பது ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட். இங்கே ஒரு பள்ளம்: 3.பி. எண் ஏற்கெனவே எஃப்.ஜி.க்குள் சேர்ந்துதான் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து இன்னொரு தரம் கூட்டிவிடாதீர்கள்.

அந்த ஆட்டத்தில் கேவலியர்ஸ் பக்கம் லெப்ரான் ஜேம்ஸின் வரி: எஃப்.ஜி. 9-24, 3.பி. 1-5, எஃப்.டி. 8-10. விழுந்த ஒன்பதில் ஒன்று மூன்று பாயின்ட், மீதி எட்டு இரண்டு பாயின்ட். எட்டிரண்டு பதினாறு, அதோடு மூன்று, அதோடு ஃப்ரீ த்ரோ எட்டு. 27. இப்போது கையை எடுத்துப் பாயின்ட் பத்தியைப் பாருங்கள், 27 என்றுதான் இருக்கும். இப்படி ஐந்தாறு வரியை நீங்களே கூட்டிப் பார்த்துவிட்டால் அப்புறம் இந்த அட்டவணையைக் கண்டு மிரள மாட்டீர்கள்.

வாரியர்ஸ் பக்கம் டிரேமண்ட் கிரீன்: 11-15, 6-8, 4-4. மொத்தம் 32. இரண்டு அணியிலும் அன்று அதிகம் எடுத்தவர் அவர்தான். சித்தப்பா இதைப் பார்த்ததும், “முப்பத்திரண்டு எடுத்தவன் இருந்தும் தோத்துருச்சா?” என்று கேட்டார். அவர் பக்கத்து வரிகளைப் படியுங்கள் சித்தப்பா என்றேன். ஸ்டீஃபன் கரி 6-19, க்ளே தாம்சன் 6-17. இரண்டு பேரும் சேர்ந்து 36 ஷாட் எறிந்து 12 மட்டும் விழுந்தது, மூன்று பாயின்டில் 24க்கு 6. இருவருக்குமாகச் சேர்த்து 31 பாயின்ட். கிரீன் 15 ஷாட்டில் கொண்டுவந்ததைவிட ஒன்று குறைவு.

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: “அப்ப ஒரு போட்டுல நல்ல மீன்பாடு, மத்த ரெண்டு போட்டும் டீசலைக் குடிச்சுட்டு வந்திருக்கு.”

இதைவிடச் சரியாக நான் எங்கும் படித்ததில்லை. கரையில் வந்து இறங்குகிற இறாலை மட்டும் பார்த்து யாரும் ஒரு படகுக்காரரை வசதியானவர் என்று சொல்வதில்லை, டீசல், ஐஸ், ஆள்களின் சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து, அதற்குமேல் மிஞ்சியதைத்தான் பங்கு பிரிப்பார்கள். கூடைப்பந்தில் டீசல் என்பது ஷாட். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் பந்து கைக்கு வரும் தடவைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஒருவர் எறிந்து வீணாக்கினால் அது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன வாய்ப்பு. அதனால்தான் பாயின்டைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன்.

அணி வரியில் கழித்தல் கணக்கு

இப்போது அட்டவணையின் அடியில் உள்ள மொத்த வரிக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கேவலியர்ஸ்: எஃப்.ஜி. 33-82, 3.பி. 6-25, எஃப்.டி. 21-25.
வாரியர்ஸ்: எஃப்.ஜி. 32-83, 3.பி. 15-41, எஃப்.டி. 10-13.

இரண்டு அணியும் ஏறக்குறைய ஒரே அளவு எறிந்து, ஒரே அளவு விழவைத்திருக்கின்றன. ஆனால் வாரியர்ஸுக்கு மூன்று பாயின்டில் ஒன்பது கூடுதல், அதாவது 27 பாயின்ட் முன்னிலை. 27 பாயின்ட் முன்னால் நின்ற அணி எப்படித் தோற்றது? இரண்டு பாயின்டைப் பாருங்கள்: கேவலியர்ஸ் 27 விழவைத்து 54 பாயின்ட், வாரியர்ஸ் 17 விழவைத்து 34. அங்கே 20 போய்விட்டது. ஃப்ரீ த்ரோவில் கேவலியர்ஸ் 21, வாரியர்ஸ் 10, அங்கே 11. ஆக 27லிருந்து 31ஐக் கழித்தால் நாலு பாயின்ட் தோல்வி, 93க்கு 89.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். ஃப்ரீ த்ரோவை எடுத்துவிட்டால் வாரியர்ஸ் 79, கேவலியர்ஸ் 72. ஆட்டத்துக்குள் எறிந்ததில் ஜெயித்தது தோற்ற அணிதான்! கூடைக்கு அருகில் முட்டி மோதி உள்ளே போய் ஃபவுல் வாங்கி, கோட்டில் நின்று 25க்கு 21 போட்டதில்தான் கோப்பை கைமாறியது. லெப்ரான் ஓடிவந்து, எதிராளி எறிந்ததைக் கூடைக்குப் பின்னால் உள்ள பலகையில் தட்டித் தடுத்த பிளாக்கையும் அதே அணியின் கைரி இர்விங் கடைசி நிமிடத்தில் போட்ட மூன்று பாயின்டையும்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அந்த இரண்டுக்கும் முன்னால் இந்த ஃப்ரீ த்ரோக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு அணி ஜெயிப்பதையும் தோற்பதையும் நான்கு காரணமாகப் பிரித்தார். எறிவது எவ்வளவு நன்றாக விழுகிறது, பந்தை எத்தனை தடவை எதிராளியிடம் பறிகொடுக்கிறோம், தவறிய பந்தை எவ்வளவு மீட்கிறோம், ஃப்ரீ த்ரோ. நான்கில் எறிவதற்கே அதிக எடை, ஃப்ரீ த்ரோவுக்குக் குறைவான எடை. ஆனால் இரண்டு அணியும் நெருங்கி நிற்கும் நாளில் கடைசி ஆளான ஃப்ரீ த்ரோவே முடிவு செய்துவிடலாம், மேலே பார்த்தது போல.

ஒரே எண்ணாகச் சுருக்க ஒரு சூத்திரம்

சூத்திரம் என்றதும் ஓடாதீர்கள், கடைக் கணக்குதான். ஒருவர் எடுத்த பாயின்டை எடுத்துக்கொள்ளுங்கள். எறிந்த ஷாட்டோடு, எறிந்த ஃப்ரீ த்ரோவை 0.44 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வந்ததை இரட்டிப்பாக்கி, அந்த எண்ணைக் கொண்டு பாயின்டை வகுங்கள். இதை ட்ரூ ஷூட்டிங் என்பார்கள். ஏன் 0.44 என்றால், பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் ஒரு வாய்ப்பைத் தின்கிறது, ஆனால் கூடை விழுந்தபிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பது, மூன்று பாயின்ட் எறியும்போது கிடைக்கும் மூன்று என்று சில விதிவிலக்குகள் இருப்பதால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருக்கிறார்கள்.

கோபி பிரையன்ட்டின் இரண்டு ஆட்டங்களில் இதைப் போட்டுப் பாருங்கள். 2006 ஜனவரி 22, டொராண்டோவுக்கு எதிராக 81 பாயின்ட்: 28-46, 7-13, 18-20. சூத்திரத்தில் போட்டால் 0.74 அருகில் வரும். 2016 ஏப்ரல் 13, அவருடைய கடைசி ஆட்டம், யூட்டாவுக்கு எதிராக 60 பாயின்ட்: 22-50, 6-21, 10-12. இது 0.54. இரண்டையும் செய்தியில் படித்தால் இரண்டுமே மலை போலத்தான் தெரியும். கணக்கில் ஒன்று மலை, இன்னொன்று ஒரு சாதாரண நல்ல நாள், ஆனால் ஐம்பது தடவை எறிய அனுமதி கிடைத்த நாள். (விடைபெறும் நாளில் அதை யார் மறுப்பார்கள், நானும் மறுத்திருக்க மாட்டேன்.) க்ளே தாம்சனும் 2016 டிசம்பர் 5 அன்று இண்டியானாவுக்கு எதிராக 60 எடுத்திருக்கிறார், 33 ஷாட்டில், 29 நிமிடத்தில். அதன் ட்ரூ ஷூட்டிங்கை நீங்களே போட்டுப் பாருங்கள், ஃப்ரீ த்ரோ 10-11.

மூன்று பாயின்ட் கோடு என்.பி.ஏ.யில் வந்தது 1979-80 பருவத்தில்தான். அதனால் 1962இல் வில்ட் சேம்பர்லின் எடுத்த 100 பாயின்டின் வரியில் அந்தப் பத்தியே கிடையாது, 36-63, ஃப்ரீ த்ரோ 28-32, அவ்வளவே. பழைய ஆட்டங்களைப் புதிய ஆட்டங்களோடு ஒப்பிடும்போது இதை மனதில் வையுங்கள்.

மற்ற பத்திகள்

ரீபவுண்ட் என்பது தவறிய ஷாட்டைப் பிடிப்பது. நம் ஆள் எறிந்து தவறியதை நாமே பிடித்தால் ஓ.ஆர்.இ.பி., எதிராளி எறிந்ததைப் பிடித்தால் டி.ஆர்.இ.பி. முதல் வகை எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் கூடுதல், ஏனென்றால் போன வாய்ப்பு திரும்பி வருகிறது. 2016 ஆட்டத்தில் ரீபவுண்ட் 48-39, கேவலியர்ஸ் பக்கம்.

அசிஸ்ட் என்பது கூடைக்கு நேராக வழிவகுத்த பாஸ். இதில்தான் கணக்கெழுதுகிறவரின் கண் அதிகம் கலந்திருக்கிறது, பந்தை வாங்கியவன் இரண்டு தட்டுத் தட்டி ஒருவனை ஏய்த்துவிட்டுப் போட்டால் அது அசிஸ்டா இல்லையா என்பதை ஒரு மனிதன்தான் முடிவு செய்கிறான். ஸ்டீல், பந்தைப் பறிப்பது. பிளாக், ஷாட்டைத் தடுப்பது, தடுக்கப்பட்டவனுக்கு அது தவறிய ஷாட்டாகவே எழுதப்படும். டர்ன்ஓவர், ஷாட் எறியாமலே பந்தை இழப்பது. ஒவ்வொரு ஸ்டீலுக்கும் எதிர்ப் பக்கம் ஒரு டர்ன்ஓவர் உண்டு, ஆனால் ஒவ்வொரு டர்ன்ஓவருக்கும் ஸ்டீல் கிடையாது. பந்தைத் தானாகக் கோட்டுக்கு வெளியே போட்டவனும் இருக்கிறான் அல்லவா. பி.எஃப். என்றால் ஃபவுல், என்.பி.ஏ.யில் ஆறு ஆனால் வெளியே, ஃபீபா விதியில் ஐந்து.

ஸ்டீலையும் பிளாக்கையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1973-74இல். 11 கோப்பை வென்ற பில் ரஸ்ஸல் 1969இலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். தடுப்பதில் பெயர் பெற்ற அந்த மனிதரின் பிளாக் பத்தி காலியாகவே கிடக்கிறது. எங்கள் தாத்தா வடகடலில் பிடித்ததற்கு நோட்டு இல்லாத மாதிரி.

இந்தச் சின்னப் பத்திகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நான் காட்டும் வரி 2017 பிப்ரவரி 10, மெம்பிஸுக்கு எதிராக அதே டிரேமண்ட் கிரீன்: 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல், 5 பிளாக். பாயின்ட் நான்கே நான்கு. மூன்று பத்தியில் இரட்டை இலக்கம் தொட்டால் ட்ரிபிள் டபுள் என்பார்கள், பாயின்ட் பத்து தொடாமல் அதைச் செய்தவர் என்.பி.ஏ.யில் அதுவரை யாரும் இல்லை. அவருடைய அணிதான் ஜெயித்தது.

கூட்டல் கழித்தல் பத்தி

வலது ஓரத்தில் +, - என்று குறியோடு ஒரு எண் இருக்கும். அந்த வீரர் களத்தில் நின்ற நேரத்தில் அவர் அணி எதிரணியைவிட எத்தனை பாயின்ட் கூடுதலாக எடுத்தது அல்லது விட்டது என்பது. 2016 ஆட்டத்தில் கேவலியர்ஸின் கெவின் லவ் எடுத்தது 9 பாயின்ட், 14 ரீபவுண்ட், ஆனால் இந்தப் பத்தியில் +19. அணியே நாலு பாயின்டில்தான் ஜெயித்தது, அப்படியானால் அவர் வெளியே உட்கார்ந்த நேரத்தில் 15 பாயின்ட் பறிபோயிருக்கிறது. சுவாரசியமான எண்தான், ஆனால் ஒரு ஆட்டத்தை வைத்து இதை நம்பி யாரையும் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கூட நின்ற நாலு பேர் நன்றாக ஆடினாலும் இது ஏறும். ஒரு பருவம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால்தான் கொஞ்சம் அர்த்தம் வரும்.

இனி நீங்களே எழுதுங்கள்

படிக்கப் பழக ஒரே வழி எழுதிப் பார்ப்பதுதான். ஊர்த் திடலில் பையன்கள் ஆடும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல வேண்டும், “அஞ்சாம் நம்பர், ரெண்டு, தவறிருச்சு, ஏழாம் நம்பர் பிடிச்சுட்டான்” என்று. மற்றவர் தலையைத் தூக்காமல் எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்தால் குனிந்து நிமிர்வதற்குள் ஒரு ரீபவுண்ட் போய்விடும். எறிந்த ஒவ்வொன்றுக்கும் 2 அல்லது 3 என்று எழுதி, விழுந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோவுக்குச் சின்ன வட்டம், விழுந்தால் உள்ளே நிரப்பிவிடுங்கள். ரீபவுண்டும் அசிஸ்டும் கோடு போட்டு எண்ணினால் போதும். முதல் நாள் எல்லாப் பத்தியும் எழுத ஆசைப்படாதீர்கள். ஷாட், ஃப்ரீ த்ரோ, ரீபவுண்ட், டர்ன்ஓவர், இந்த நான்கு போதும்.

இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எறியும்போதே ஃபவுல் செய்யப்பட்டு ஷாட் தவறினால் அதை எறிந்த கணக்கில் சேர்க்கக் கூடாது, ஃப்ரீ த்ரோ மட்டும்தான் எழுத வேண்டும். ஃபவுலையும் மீறி விழுந்தால் மட்டும் ஷாட்டாகவும் எழுத வேண்டும். இது தெரியாமல் ஒரு பருவம் முழுக்க நான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவந்தேன். எங்கள் அணியில் ஒரு பையன், உள்ளே புகுந்து அடி வாங்குவதே அவன் வேலை, என் நோட்டில் அவன் பாதிக்கும் மேலே தவறவிடுகிறவன் என்று நின்றான். அதைப் பார்த்துப் பார்த்து அவனை வெளியே உட்காரவைத்தார்கள். அடுத்த வருஷம் விதியைப் படித்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்துத் திருத்திக் கூட்டினால் அணியிலேயே நல்ல கணக்கு அவனுடையது. அதற்குள் அவன் கப்பல் வேலைக்குப் படிக்கப் போய்விட்டான். போனில் சொன்னேன், சிரித்தான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல் அங்கேயே மூன்று சரிபார்ப்பு. வீரர்களின் பாயின்டைக் கூட்டினால் பலகையில் உள்ள ஸ்கோர் வர வேண்டும். எதிரணியின் ஸ்டீல் நம் டர்ன்ஓவரைத் தாண்டக் கூடாது. அசிஸ்ட் விழுந்த கூடைகளைத் தாண்டக் கூடாது (ஃபீபா முறையில், பாஸ் வாங்கியவன் ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோ போட்டாலும் அசிஸ்ட் உண்டு, அதில் எழுதினால் இந்த மூன்றாவதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்). பாயின்ட் இடித்தால் பெரும்பாலும் ஒரு மூன்றை இரண்டாக எழுதியிருப்பீர்கள், ஆடியவர்கள் இன்னும் திடலில் இருக்கும்போதே கேட்டால் ஞாபகமாகச் சொல்வார்கள், வீட்டுக்குப் போய்விட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பேனா வேண்டாம், பென்சில். நோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு கிளிப். எங்கள் பக்கம் சாயங்காலக் காற்று தாளைப் புரட்டிவிடும், மணலும் வந்து உட்காரும், ஈரக் கையோடு வருகிறவன் “நான் எத்தனை?” என்று நோட்டைத் தொடாமல் போக மாட்டான். சித்தப்பா இப்போது எனக்குச் சொல்லும் ஆளாக வருகிறார், தடைக்காலத்தில் மட்டும். அசிஸ்ட் விஷயத்தில் அவர் கறார், நான் எழுதியதில் பாதியை அடிக்கச் சொல்கிறார்.